பின்பக்கத்துக் கதை

(நூலக வார விழாவை ஒட்டி, கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'வாசிப்பும் எழுத்தும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீஸிலும் அப்படியே அச்சாகியிருக்கிறது. இந்தத் தலைப்பில் மேடையேறுகிறவர்கள் புத்தகம் மனிதனை உயர்த்தும் என்று ஆரம்பிப்பார்கள். உயர்த்தட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நன்மை கிடைக்கும் என்று கணக்குப் போட்டு யாரும் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தொடர்கதையில் மூழ்குவதில்லை. பால் பொங்கி வழிந்த பிறகு வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் நான் கண்ட உடனடிப் பலன். அதனால் பலன்களை விட்டுவிடுகிறேன்.

எனக்கு எழுதத் தோன்றியது முழுசாகப் படித்து முடித்த புத்தகங்களால் அல்ல. பாதியில் அறுந்துபோன பக்கங்களால். அறுந்த இடத்துக்கு வந்து நிற்கும்போது என்ன செய்வது? படிக்கிறவர் ஒன்று செய்வார், எழுதுகிறவர் வேறொன்று செய்வார், பதிப்பிக்கிறவர் செய்ய வேண்டியது முற்றிலும் இன்னொன்று. இதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். தலைப்போடு பொருந்துகிறதா என்று தலைவர் அவர்கள் முடிவுரையில் சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் பெரியம்மா வீடு மாயவரத்தில் இருந்தது. அந்த வீட்டு மர அலமாரியில் புத்தகம் என்று சொல்லத்தக்கவை கொஞ்சம்தான். மீதியெல்லாம் பைண்டு செய்த தொடர்கதைகள். இங்கே இருக்கும் இளையவர்களுக்கு அது என்னவென்று சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையில் வரும் தொடர் உடனே புத்தகமாகிவிடாது. ஆனாலும் விலை கட்டுப்படியாகாது. விலை கட்டுப்படியாகும் மலிவுப் பதிப்பு வந்தால் அதில் படம் இருக்காது. 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வனை மணியம் போட்ட படங்களோடு வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் ஒரே வழிதான் இருந்தது. வாராவாரம் பக்கங்களை எடுத்துச் சேர்த்துவைத்து, பாகம் முடிந்ததும் பைண்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் இது நடந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் வெற்றிலைச் செல்லத்துக்கு அடுத்தபடியாக வீட்டில் பத்திரமாக வைத்திருந்த சொத்து அதுதான் என்று சொல்லலாம்.

பெரியம்மா அதைச் செய்யும் முறையே தனி. வீட்டில் எல்லாரும் படித்து முடித்து, எதிர்வீட்டுக்குப் போய், அங்கிருந்து காப்பிக் கறையோடு திரும்பி வரும்வரை பத்திரிகையைத் தொடமாட்டாள். பிறகு ஒரு மத்தியானம் நடுப்பக்கத்தில் இருக்கும் இரண்டு கம்பிப் பின்னையும் அரிவாள்மணை நுனியால் நிமிர்த்துவாள். பின் துரு ஏறியிருந்தால் காகிதம் கிழியும். அதனால் மூச்சுப் பிடித்துக்கொண்டுதான் அந்த வேலை. பின் கழன்றதும் பத்திரிகை இரட்டைத் தாள்களாகப் பிரிந்துவிடும். மடிப்போடு வெட்டினால் கதைத் தாள் ஒரு பக்கம், அதன் ஜோடித் தாள் ஒரு பக்கம். ஜோடித் தாள் கடுகு, சீரக டப்பாக்களுக்கு அடியில் போய்விடும். கதைத் தாள்கள் மெத்தைக்குக் கீழே, சுருக்கம் போகும்படி.

கடைத்தெரு பைண்டர் அவற்றை அடுக்கித் தைத்து, மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து தடவுவார். துத்தம் போடாவிட்டால் பூச்சி அரித்துவிடும். முதுகுக்குக் காலிகோ துணி, அட்டைக்கு மார்பிள் காகிதம். கடைசியில் மூன்று ஓரத்தையும் சீவுவார். அவர் கை கொஞ்சம் தாராளம், ஓரத்தோடு சில வரிகளின் கடைசி எழுத்தும் போய்விடும். பெரியம்மா வீட்டுச் சரித்திரத் தொடர்களில் குதிரை வீரர்கள் பாதிப் பேருக்குக் குதிரையின் பின்னங்கால் கிடையாது.

இனிமேல்தான் விஷயம். தாள் என்றால் இரண்டு பக்கம். தொடர்கதை வலதுபுறப் பக்கத்தில் தொடங்கி இடதுபுறத்தில் முடிந்தால் தொல்லையில்லை. அப்படி எந்தப் பத்திரிகைக்காரர் பார்த்து அடுக்குவார்? இடதுபுறத்தில் தொடங்கினால் அந்தத் தாளின் முன்புறம் வேறொரு கட்டுரையின் வால் ஒட்டிக்கொண்டிருக்கும். வலதுபுறத்தில் முடிந்தால் அதன் பின்புறத்தில் இன்னொரு சிறுகதையின் தலை. கதை முடிந்தும் பக்கத்தில் இடம் மிச்சமிருந்தால் ஒரு துணுக்கு, இல்லாவிட்டால் கூந்தல் தைல விளம்பரம். தொடரே சில வாரங்களில் '58ஆம் பக்கம் பார்க்க' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த 58ஆம் பக்கத்தைச் சேர்க்க மறந்திருப்பார்கள். அப்படி ஒரு இளவரசி சுரங்கப் பாதையில் இறங்கியவள் இன்றுவரை எங்கள் வீட்டில் ஏறி வரவில்லை.

தொடர்களை எத்தனை தடவை படிப்பது? கோடை விடுமுறை நீளமானது. ஒரு கட்டத்தில் நான் பின்பக்கங்களைப் படிக்க ஆரம்பித்தேன். வால் மட்டும் உள்ளவை, தலை மட்டும் உள்ளவை, நடுவில் ஒரு பக்கம் மட்டும் உள்ளவை. யாரோ ஒருவர் காசி யாத்திரையில் மொகல்சராய் வரைக்கும் வந்துவிட்டார், அதற்கு மேல் போகவில்லை. ஒரு சமையல் குறிப்பில் எல்லாவற்றையும் வறுத்தாகிவிட்டது, அரைக்க வேண்டியதுதான் பாக்கி.

அவற்றில் ஒரு கதையைத்தான் நான் மறக்கவே இல்லை. ஒரு கிராமத்துப் போஸ்ட்மாஸ்டர். தபாலாபீஸ் அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. செத்துப்போன ஒருவர் பெயருக்கு ஒரு பார்சல் வருகிறது. அனுப்பியவர் முகவரி மழையில் அழிந்துவிட்டது. சட்டப்படி அதை மேலிடத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் அனுப்பவில்லை. மூன்று நாள் மேஜையின் கீழே கிடக்கிறது. மூன்றாம் நாள் சாயங்காலம் கதவைச் சாத்துகிறார். விளக்கைச் சின்னதாக்குகிறார். பார்சலின் சணலை அறுக்கிறார். அடுத்த வாக்கியம் 'உள்ளே' என்று தொடங்குகிறது. பக்கம் முடிந்துவிட்டது. தாளைத் திருப்பினால் சோழ நாட்டுச் சிறைச்சாலை.

உள்ளே என்ன? அந்தக் கோடை முழுக்க இதுதான் எனக்குக் கவலை. அண்ணா துப்பறியும் கதை படிப்பவன். மண்டையோடு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்கு மனம் ஒப்பவில்லை. பெரியப்பாவின் பழைய டைரி ஒன்று கிடந்தது. அதில் எழுதத் தொடங்கினேன். முதலில் ஒரு குழந்தையின் கொலுசு என்று எழுதினேன். பிறகு கட்டுக் கட்டாகக் கடிதங்கள். பிறகு, அன்றைக்குப் பசியோ என்னவோ, அதிரசம். செத்துப்போனவருக்குத் தூரத்தில் இருக்கும் தங்கை தீபாவளிக்கு அனுப்பிய அதிரசம், அண்ணன் செத்த சேதி அவளுக்குத் தெரியாது. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அதிரசமா?"

"ஆமாம் பெரியம்மா."

"மூணு நாள் மேஜைக்கு அடியில கெடந்துச்சுன்னியே. எறும்பு மொய்ச்சிருக்காதா? அப்பவே தெரிஞ்சிருக்குமே அந்த ஆளுக்கு, உள்ள என்னன்னு."

பிற்காலத்தில் நான் எழுதியவற்றுக்குப் பெரிய பெரிய ஆட்கள் மதிப்புரை எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு உபயோகமான ஒன்றை யாரும் சொன்னதில்லை. மறுநாளே நான் அதிரசத்தை எடுத்துவிட்டு ஒரு பட்டுத்துணியை வைத்தேன். பட்டுத்துணி என்றால் மணம் வேண்டும், மடிப்பு வேண்டும், எந்த ஊர்ப் பட்டு என்று வேண்டும். பக்கத்து வீட்டு மாமியிடம் போய் ஆரணிப் பட்டுக்கும் காஞ்சிப் பட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். அந்தக் கோடையில் நான் எழுதப் பழகியது இப்படித்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாதிக் கதை ஒன்று, எறும்பைப் பற்றிக் கேட்க ஒரு பெரியம்மா, இரண்டும் போதுமானதாக இருந்தது.

முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் பள்ளிப் பிள்ளைகள் கேட்கக்கூடும், கடைசியில் உள்ளே என்னதான் இருந்தது என்று. எனக்கு அது தெரிய வந்தது நரை விழுந்த பிறகு. அதற்குக் காரணமானவர் ஒரு பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர்க்காரர், ரோஜா முத்தையா. பெரியம்மா மாதிரி ஆட்கள் பத்திரிகையை அறுத்துக் கதையை எடுத்துக்கொண்டார்கள் என்றால், அவர் அறுக்காமல் சேர்த்தார். பத்திரிகை, பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், எதையும் விடவில்லை. 1992இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அது அமைந்தது. ஒரு தனிமனிதரின் ஆசை எவ்வளவு பேருக்குச் சோறு போடுகிறது என்று பார்க்க வேண்டுமானால் அங்கே போய் ஒரு நாள் உட்காருங்கள். ஆய்வு மாணவர்கள் பாதி, என்னைப் போல எதையோ தேடிக்கொண்டு வந்தவர்கள் பாதி.

எந்தத் தொடரின் எந்த அத்தியாயத்துக்குப் பின்னால் என்பது எனக்கு மனப்பாடம். அந்த வாரத்து இதழைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பக்கத்தைத் திருப்பினேன். அந்த வாக்கியம் இப்படிப் போகிறது: உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

அவ்வளவுதான். பார்சலுக்கு உள்ளே அல்ல, வீட்டுக்கு உள்ளே. மனைவி சணல் அறுபடும் சத்தத்தைக் கேட்டுவிட்டாள். அவள் எழுந்து வரவும் இல்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். அவர் அந்த நிசப்தத்துக்குப் பயந்து பார்சலை மறுபடி கட்டிவிடுகிறார். உள்ளே என்ன இருந்தது என்று கதை கடைசிவரை சொல்லவே இல்லை. கதை பார்சலைப் பற்றியதே அல்ல, புருஷன் பெண்டாட்டி பற்றியது. எழுதியவர் பெயரை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஆனால் கொலுசு, கடிதம், பட்டு என்று நான் மாய்ந்து மாய்ந்து நிரப்பிய இடம் காலி இடமே அல்ல என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. அடுத்த சொல் எந்த வாக்கியத்தைச் சேர்ந்தது என்பதைக்கூட நான் சரியாக ஊகிக்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு உ.வே.சாமிநாதையரின் ஞாபகம் வருகிறது. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அலைந்ததைப் பேசுவார்கள். ஊர் ஊராகப் போனார், ஏடு தேடினார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளை ஹோமத்தீயில் போட்டுவிட்டதாகச் சொன்னதைக் கேட்டுத் துடித்தார். எல்லாம் உண்மை, எல்லாம் அவரே எழுதியிருப்பது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் செய்யாமல் விட்ட ஒரு காரியம். அவர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டார். நானூறு பாட்டில் 267, 268 இரண்டும் கிடைக்கவில்லை. கடைசிப் பகுதியில் பல பாடல்கள் சிதைந்து கிடந்தன. சில வரிகளில் முதல் சீர் இல்லை, சிலவற்றில் நடுவே காணோம். அந்த இடங்களில் அவர் புள்ளி வைத்தார்.

புள்ளி வைத்ததில் என்ன அதிசயம் என்று நினைப்பீர்கள். அவர் யாரிடம் படித்தவர் என்பதை யோசியுங்கள். 1871இல், அதே மாயவரத்தில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தவர். பிள்ளையவர்கள் பாட்டை வாயால் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். நடந்துகொண்டு சொல்வார், யாரோடோ பேசிக்கொண்டிருந்துவிட்டு விட்ட இடத்திலிருந்து சொல்வார். அப்படிப்பட்டவரிடம் வருஷக்கணக்கில் எழுதி, தானும் செய்யுள் இயற்றிப் பழகியவருக்கு, விட்டுப்போன ஒரு சீரை நிரப்புவது பெரிய வேலையா? ஓசை தெரியும், துறை தெரியும், சங்கச் சொற்கள் கைவசம். நிரப்பியிருந்தால் அன்றைக்குக் கண்டுபிடிக்க ஆள் இருந்திருக்குமா? கை பரபரத்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். எழுதத் தெரிந்தவரின் கைக்கு அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது லேசானதல்ல. சும்மா இருந்தார். 1904இல் வந்த பதிற்றுப்பத்திலும் அதே கதை. முதல் பத்தும் இல்லை, பத்தாம் பத்தும் இல்லை. பழைய உரைகளில் மேற்கோளாக அகப்பட்ட சில பாட்டுகளைப் பின்னால் தனியாக வைத்தார்களே தவிர, உடம்போடு சேர்த்துத் தைக்கவில்லை.

இந்த நேர்மை அவருக்கும் முந்தியது. சங்கப் பாட்டைத் தொகுத்தவர்களுக்குச் சில புலவர்களின் பெயர் கிடைக்கவில்லை. ஒரு பெயரைக் கட்டிவிட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அந்தப் பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்து, செம்புலப் பெயனீரார் என்பதுபோல், பெயராக வைத்தார்கள். பெயர் தெரியாது என்பதை அந்தப் பெயரே சொல்லிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் நிரப்புவதே குற்றமா என்றால், இல்லை. கேட்பவர் யார், நிரப்புகிறவர் யார் என்பதைப் பொறுத்தது. பொன்னியின் செல்வன் முடிந்தபோது வாசகர்கள் கல்கியைச் சும்மா விடவில்லை. அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று துளைத்ததில் அவர் ஒரு முடிவுரை எழுத வேண்டியிருந்தது. அதுவும் போதாமல், 'அமுதசுரபி' ஆசிரியர் விக்கிரமன் அந்தப் பாத்திரங்களைக் கையிலெடுத்து 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். தன் பெயரைப் போட்டு, தன் பத்திரிகையில், தன் நாவலாக எழுதினார். அதில் யாரையும் ஏமாற்றவில்லை. எனக்குச் சொந்தமாக அந்த நாவலில் பெரிய பிடிப்பு இல்லை, அது வேறு சங்கதி.

1954 டிசம்பர் 5ஆம் தேதி கல்கி காலமானார். 'அமரதாரா' அப்போது பாதியில் நின்றது. அதை முடித்தவர் அவருடைய மகள் ஆனந்தி, தந்தை விட்டுப்போன குறிப்புகளை வைத்துக்கொண்டு. அந்தப் பெண்ணின் நிலையை நான் அடிக்கடி யோசிப்பேன். அப்பாவின் நடை தமிழ்நாட்டுக்கே தெரிந்த நடை. அதில் அரை அடி பிசகினாலும் வாராவாரம் படிக்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிசகாமல் எழுதினால் அப்பாவே எழுதியது போலத்தான் இருக்கும், தன் பெயர் எங்கும் நிற்காது. இரண்டில் எதையும் விரும்பித் தேர்ந்தெடுக்க முடியாத வேலை. கதைக்காகக் காத்திருந்தவர்களுக்கு ஒரு முடிவு தரவேண்டும் என்பதற்காகச் செய்த வேலை. அதைக் காலி இடம் கண்டு கை பரபரப்பதோடு சேர்த்துப் பேசக்கூடாது.

சாமிநாதையருக்கே கடைசியில் இது நேர்ந்தது. 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் 1940இல் தொடங்கி வாராவாரம் வந்துகொண்டிருந்தது. 1942 ஏப்ரலில், யுத்தத்துக்குப் பயந்து சென்னை காலியாகிக்கொண்டிருந்த நாளில், திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமானார். புத்தகத்தில் 122 அத்தியாயம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களோடு நிற்கிறது. மிச்சம் நாற்பது வருஷத்துக்கு மேல். அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் என்ன செய்தார்? 123ஆம் அத்தியாயம் என்று போட்டு, 'நான்' என்று எழுதவில்லை. 'என் ஆசிரியப்பிரான்' என்று தனியாக ஒரு புத்தகம் எழுதினார். ஆசிரியர் புள்ளி வைத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அல்லவா!

நேரமாகிவிட்டதாக நூலகர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பாரதியைச் சொல்லி முடித்துவிடுகிறேன். 1921இல் அவர் மறைந்தபோது 'சந்திரிகையின் கதை' முடியாமல் நின்றது. அதைப் படிக்காதவர்கள் இன்றைக்கே இந்த நூலகத்தில் எடுத்துக்கொண்டு போங்கள், சின்னப் புத்தகம்தான். பூகம்பத்தில் பெற்றோரை இழந்த ஒரு குழந்தை, அவளை வளர்க்கும் விதவை அத்தை விசாலாட்சி, அவளுடைய மறுமணம் என்று கதை ஓடுகிறது. நடுவில் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரேசலிங்கம் பந்துலுவும் நிஜ மனிதர்களாகவே கதைக்குள் வந்து பேசுகிறார்கள். 1921க்கு முன்னால் தமிழில் இப்படி ஒரு துணிச்சல். ஆனால் வேடிக்கை என்னவென்றால், தலைப்பில் இருப்பவள் சந்திரிகை. கதை நிற்கும் இடத்தில் அவள் இன்னும் குழந்தை. அவள் கதை தொடங்கவே இல்லை.

பாதியில் நின்ற எழுத்துகளிலேயே என்னை மிகவும் தொந்தரவு செய்வது இதுதான். சாமிநாதையர் பக்கம் நிற்க வேண்டும் என்று அறிவு சொல்கிறது. மாயவரத்து டைரி வேறு பக்கம் இழுக்கிறது. சந்திரிகைக்குப் பதினெட்டு வயதாகும்போது வருஷம் என்ன, அவள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாள், விசாலாட்சி அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பாளா, பார்க்கவே மாட்டேன் என்றிருப்பாளா என்று நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எறும்பு மொய்க்காதபடி ஜாக்கிரதையாகத்தான் எழுதியிருக்கிறேன். அது அச்சுக்குப் போகாது. இரவல் கிடையாது. கேள்வி நேரத்தில் வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.